போராட்டத்துக்காகக் கல்லூரி நடவடிக்கை எடுத்தால்: மாணவர் கையில் இருக்கும் சட்ட வழிகள்

இடைநீக்கம் பெரும்பாலும் கடிதமாக வருவதில்லை. துறைத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து வர வேண்டாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்பார். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெயர்ப் பட்டியல் சுற்றும். கட்டண உயர்வோ, விடுதிச் சாப்பாடோ, பாலியல் புகாரில் நிர்வாகத்தின் மெத்தனமோ, எதற்காக உட்கார்ந்திருந்தாலும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நடவடிக்கை தொடங்கும் விதம் ஏறக்குறைய இதுதான். மாணவர் கையில் ஒரு தாள்கூட இருக்காது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கோரிக்கை நியாயமானதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் அநேகமாக நுழையவே நுழையாது. கல்லூரி முறைப்படி விசாரித்ததா, கொடுத்த தண்டனை செயலுக்கு மிஞ்சியதா என்ற இரண்டைத்தான் பார்க்கும். இரண்டுக்கும் தாளில் ஆதாரம் வேண்டும். அந்தத் தாளை முதல் நாளிலிருந்தே நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.

முதல் மூன்று நாள்

வாய்மொழி உத்தரவு கிடைத்த அன்றே முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் நகல் போகட்டும். அதையே அச்சிட்டுக் கையெழுத்திட்டு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம், வரலாறும் வேண்டாம். இவ்வளவு போதும்:

"ஐயா, இன்று (தேதி, நேரம்) துறைத் தலைவர் என்னை வகுப்புக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகக் கூறினார். எழுத்துப்பூர்வ உத்தரவு எதுவும் எனக்குத் தரப்படவில்லை. அப்படி உத்தரவு இருந்தால் அதன் நகலையும், எந்த விதியின் கீழ் நடவடிக்கை என்ற விவரத்தையும், என் மீதான குற்றச்சாட்டையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். உத்தரவு இல்லையென்றால் வகுப்பில் அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். நான் வகுப்புக்கு வரத் தயாராக இருக்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பின்னாளில் கல்லூரி, "நாங்கள் யாரையும் நிறுத்தவில்லை, அவராகவே வரவில்லை" என்று பதில் மனு போடுவது சாதாரணம். அதை உடைப்பது இந்த ஒரு வரிதான். மறுநாளும் கல்லூரி வாசலுக்குப் போங்கள். காவலாளி தடுத்தால் வாதம் செய்யாமல் திரும்பி, "இன்று 8.50-க்கு வந்தேன், வாயிலில் நிறுத்தப்பட்டேன்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இரண்டாவது வேலை சிசிடிவி. பதிவுக் கருவியில் இடம் நிரம்பியதும் பழைய காட்சியின் மேல் புதியது ஏறிவிடும். "இந்தத் தேதி, இந்த மணி முதல் இந்த மணி வரை, நிர்வாகக் கட்டட முகப்புக் கேமராவின் பதிவை விசாரணை முடியும்வரை அழிக்காமல் வைக்கவும்" என்று எழுதிக் கொடுங்கள். கொடுத்த பிறகு பதிவு அழிந்துவிட்டது என்று கல்லூரி சொன்னால், அந்தச் சந்தேகம் கல்லூரிப் பக்கம்தான் சாயும்.

உங்கள் தரப்பு வீடியோக்களை எடுத்த கைபேசியை மாற்றவோ, அழித்துப் புதிதாக்கவோ கூடாது. மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்று இணைக்க வேண்டியிருக்கும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த நகலுக்கு யாரும் சான்று தர முடியாது.

மூன்றாவது, மன்னிப்புக் கடிதம். பெற்றோரை எதிரில் உட்காரவைத்து, அலுவலகத்திலேயே தட்டச்சு செய்த தாளை நீட்டுவார்கள். "நான் சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டினேன், கல்லூரிச் சொத்தைச் சேதப்படுத்தினேன், இனி எந்தக் கூட்டத்திலும் கலந்துகொண்டால் டி.சி. வாங்கிக்கொள்கிறேன்" என்று அதில் இருக்கும். அப்பா அம்மா கையெழுத்துப் போடச் சொல்லி மன்றாடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாள் விசாரணையில் ஒப்புதல் வாக்குமூலமாக நிற்கும். போலீஸ் வழக்கும் இருந்தால் அங்கேயும் வந்து சேரும். எழுதியே ஆக வேண்டுமென்றால் உங்கள் கையெழுத்தில், உங்கள் சொற்களில் எழுதுங்கள்: "கல்லூரி விதிகளை மதித்து நடப்பேன். என் மீதான குற்றச்சாட்டுகளை இதன் மூலம் ஒப்புக்கொள்ளவில்லை." இரண்டாவது வாக்கியத்தை ஏற்க மறுத்தால் எதற்காக அந்தக் கடிதத்தைக் கேட்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

கட்டாயத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றா? அன்று மாலையே, எந்தச் சூழலில் வாங்கப்பட்டது என்று எழுதித் திரும்பப் பெறுகிறேன் என அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து அனுப்பினால் அதற்கு மதிப்பு இல்லை.

விளக்கக் கடிதமும் விசாரணையும்

மாணவரைத் தண்டிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது பழைய சட்டம். தேர்வில் முறைகேடு செய்ததாக மாணவர்களைக் கேட்காமலே முடிவை ரத்துசெய்த உத்தரப் பிரதேசக் கல்வி வாரியத்தின் வழக்கில், 1962-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அண்மைய உதாரணம் 2025 மே மாதத்தது. சமூக ஊடகப் பதிவு ஒன்றுக்காகப் புணேயில் 19 வயதுப் பொறியியல் மாணவியை விளக்கமே கேட்காமல் கல்லூரி நீக்கியது. பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்துத் தேர்வெழுத அனுமதித்தது.

ஆனால் இந்த உரிமை எவ்வளவு தூரம் நீளும் என்பதில் மாணவர்கள் அடிக்கடி தவறாக நம்பிவிடுகிறார்கள். கல்லூரி விசாரணை நீதிமன்ற விசாரணை போல நடக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. மாணவியர் விடுதிக்குள் நுழைந்த மருத்துவ மாணவர்களின் வழக்கில், மாணவியரின் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இல்லாதபோது வாங்கியதையும், குறுக்கு விசாரணை தராததையும் உச்ச நீதிமன்றம் 1973-இல் ஏற்றுக்கொண்டது. விசாரணையில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் பொதுவாகக் கிடையாது. கல்லூரி தன் பக்கம் சட்ட ஆலோசகரை உட்காரவைத்தால் மட்டும், "எனக்கும் அனுமதி வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் பெற்றோரையோ நம்பகமான பேராசிரியரையோ உடன்வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

குறைந்தபட்சம் நான்கு கிடைக்க வேண்டும்: என்ன செய்தீர்கள் என்று தேதி, இடத்தோடு சொல்லும் குற்றச்சாட்டு, கல்லூரி நம்பியிருக்கும் ஆவணங்களின் நகல் அல்லது பார்வை, பதில் சொல்ல நியாயமான அவகாசம், காரணம் சொல்லும் இறுதி உத்தரவு. "கல்லூரியின் ஒழுங்குக்குக் குந்தகம் விளைவித்தீர்" என்று மட்டும் சொல்லும் நோட்டீஸ் குற்றச்சாட்டே ஆகாது. அதற்கு நீண்ட பதில் எழுதி நீங்களே விவரம் கொடுத்துவிடாதீர்கள். "எந்தத் தேதியில், எந்த இடத்தில், நான் தனிப்பட்ட முறையில் என்ன செய்தேன் என்ற விவரம் இல்லை. விவரமும் ஆவணங்களும் தந்தபின் 7 நாள் அவகாசத்தில் பதில் தருகிறேன்" என்று கேட்பதுதான் சரியான முதல் பதில். கேட்டும் தரவில்லை என்றால், கெடு முடிவதற்குள் இருப்பதை வைத்துப் பதில் கொடுத்தே ஆக வேண்டும். பதிலே தராத மாணவருக்கு நீதிமன்றத்தில் வாதாட இடம் குறைவு.

பதிலில் எதை எழுதுவது? அரசமைப்பின் 19-ஆவது பிரிவை முழுதாக நகலெடுத்துவைப்பதால் பயனில்லை. அமைதியாகக் கூடும் உரிமையும் கருத்துரிமையும் வளாகத்துக்குள்ளும் உண்டு. ஆனால் கல்லூரி அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்பதும் நிலைபெற்ற கருத்து. கேரள உயர் நீதிமன்றம் 2003-இல், வளாக அரசியலுக்குக் கல்லூரி போட்ட தடையையே ஏற்றது. ஆகவே எங்கே உட்கார்ந்தீர்கள், வகுப்பு நேரமா இடைவேளையா, பாதை திறந்திருந்ததா, ஒலிபெருக்கி இருந்ததா, யார் வந்து பேசினார்கள், எத்தனை மணிக்குக் கலைந்தீர்கள் என்ற விவரங்களைத்தான் நிறைய எழுத வேண்டும். முதல்வர் அறையை வெளியே பூட்டியதோ, அவரை வெளியேற விடாமல் முற்றுகையிட்டதோ நடந்திருந்தால் வழக்கின் முகமே மாறிவிடும். அது தடுத்துவைத்தல் என்ற தனிக் குற்றம். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா, இருந்தும் அதில் பங்கெடுக்கவில்லையா என்பதைத் தனியாகப் பிரித்துச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே நகலில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கூட்டுப் பதில் தோழமைக்கு நல்லது, வழக்குக்குக் கெடுதல். ஒருவர் செய்ததற்கு ஐம்பது பேர் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

இன்னொரு கண்ணி, நிறுவனத்தின் பெயர். மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் ஆய்வு மாணவர் ஒருவர், கழகத்தின் பெயர் சேர்ந்த மாணவர் அமைப்புப் பதாகையின் கீழ் டெல்லிப் போராட்டத்தில் கலந்துகொண்டார். 2024 ஏப்ரலில் இரண்டு ஆண்டு இடைநீக்கம். அவர் மனுவை பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. கழகத்தின் பெயரைப் பயன்படுத்தியது அதில் பெரிய காரணம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனையை அதுவரை அனுபவித்த காலத்தோடு முடித்து, அவர் ஆய்வைத் தொடர வழிவிட்டது. ஓராண்டுக்கும் மேல் போனது போனதுதான்.

தண்டனையின் அளவு

குற்றம் நிரூபணமானாலும் தண்டனை மிஞ்சினால் நீதிமன்றம் தலையிடும். விஸ்வபாரதி பல்கலைக்கழகம் 2021-இல் மூன்று மாணவர்களை மூன்று ஆண்டுகளுக்கு நீக்கியது. தண்டனை மிகக் கடுமையானது, அளவுக்கு மீறியது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தச் செப்டம்பரில் சொல்லி, அவர்களை வகுப்புக்குத் திரும்ப அனுமதித்தது. இந்த வாதத்துக்குத் தேவையானவை: முன்பு ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்ற பதிவு, மதிப்பெண் பட்டியல், உடல் காயமோ சொத்துச் சேதமோ இல்லை என்பது, அதே செயலுக்கு மற்றவர்களுக்கு எச்சரிக்கையும் உங்களுக்கு மட்டும் நீக்கமும் என்றால் அந்த உத்தரவுகளின் நகல். கடைசியாகச் சொன்னது சமத்துவ உரிமை தொடர்பானது, அதனால் வலுவானது.

"மறு உத்தரவு வரும்வரை" என்று முடிவில்லாமல் இழுக்கும் இடைநீக்கத்தைத் தனியாகக் கவனியுங்கள். விசாரணைக்காகச் சில நாள் வெளியே நிறுத்துவது வேறு. விசாரணையே நடத்தாமல் பருவம் முழுதும் நிறுத்துவது தண்டனைதான். இங்கே கணக்குப் போட வேண்டும். பருவத்துக்கு 90 வேலை நாள், வருகை 75 சதவீதம் என்றால், மொத்தமே 22 நாள்தான் விடலாம். காய்ச்சலுக்கு 6 நாள் ஏற்கெனவே போயிருந்தால் மீதி 16. பதினேழு நாள் இடைநீக்கம் பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆனால் தேர்வு நுழைவுச் சீட்டைப் பறித்துவிடும். உத்தரவில் எங்கேயும் எழுதியிராத அந்தத் தண்டனையைத்தான் மனுவில் எடுத்துக்காட்ட வேண்டும். வருகைக் குறைவை மன்னிக்கும் விதி உங்கள் பல்கலைக்கழகத்தில் உண்டா, கட்டணம், கடைசித் தேதி என்ன என்று தேர்வுப் பிரிவில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

கல்லூரிக்கு மேலே, நீதிமன்றத்துக்குக் கீழே

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். விதிகளுக்கு மாறாக எடுத்த நடவடிக்கை, மாணவரைப் பழிவாங்குதல், சான்றிதழைத் தராமல் வைத்திருத்தல் எல்லாம் அங்கே புகாராகலாம். குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் முடிவு கிடைத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம், மேல்முறையீடு. அவர் 30 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும். கட்டணம் கிடையாது.

நடப்பில் இந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் கல்லூரிப் பேராசிரியர்களே. தண்டனை கொடுத்தவரே குழுவிலும் இருந்தால் ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள். பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், ஆனால் புகாரைக் கட்டாயம் போடுங்கள். உயர் நீதிமன்றத்தில் முதல் கேள்வியே "மாற்று வழியை நாடினீர்களா?" என்பதுதான். தேர்வு அடுத்த வாரம் என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. விளக்கம் கேட்காமல் தண்டித்திருந்தாலோ, அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தாலோ, அதிகாரமே இல்லாதவர் உத்தரவிட்டிருந்தாலோ மாற்று வழி இருப்பது தடையாகாது என்று 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கல்லூரியின் விதிப் புத்தகத்தில் ஆட்சிமன்றக் குழுவுக்கோ துணைவேந்தருக்கோ மேல்முறையீடு இருந்தால் அதன் கெடுவையும் பாருங்கள். அரசு, உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி என்றால் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநருக்கும், பொறியியல், பாலிடெக்னிக் என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் மனு அனுப்பலாம். முதல்வரின் 1100 உதவி எண்ணில் புகார் பதிவதும் சில இடங்களில் வேகமாக வேலை செய்யும். ஆனால் நீதிமன்றம் அதை மேல்முறையீடாக எடுத்துக்கொள்ளாது.

விசாரணை அறிக்கை தரவில்லையா? அரசு, உதவிபெறும் நிறுவனங்களிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. விசாரணைக் குழுவை அமைத்த உத்தரவு, குழுக் கூட்டங்களின் குறிப்பு, அறிக்கை, இறுதி உத்தரவின் கோப்புக் குறிப்பு என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "ஏன் என்னை நீக்கினீர்கள்?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். சுயநிதிக் கல்லூரி நேரடியாகத் தராவிட்டாலும், அது பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய கடிதங்களைப் பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம்.

நுகர்வோர் நீதிமன்றம் பக்கம் போக வேண்டாம். கல்வி அந்தச் சட்டத்தில் "சேவை" ஆகுமா என்ற வாதத்திலேயே உங்கள் பட்டப்படிப்பு முடிந்துவிடும்.

உயர் நீதிமன்றம்

வழி, அரசமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு, அதாவது உரிமையை மீறிய உத்தரவை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. மதுரை, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருநெல்வேலி, கன்னியாகுமரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. சென்னை, கோவை, சேலம், வேலூர், கடலூர்ப் பக்கம் என்றால் சென்னை. அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம், ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் மீது போடுவதில் சிக்கல் இல்லை. தனியார் என்றால் "நாங்கள் அரசு இல்லை, எங்கள் மேல் ரிட் செல்லாது" என்பதுதான் முதல் எதிர்வாதம். அதற்குப் பதில் இருக்கிறது: எஸ்ஆர்எம் நிகர்நிலைப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் வழக்கில், கல்வி வழங்குவது பொதுக்கடமை, ஆகவே ரிட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆனாலும் சுயநிதிக் கல்லூரி மீது போடும்போது இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தையும், இயக்ககத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே வழக்கம்.

கேட்க வேண்டிய பரிகாரத்துக்குச் சென்னை வக்கீல்களிடம் பழகிய பெயர் ஒன்று உண்டு: செர்ட்டியோரரிஃபைடு மாண்டமஸ். உத்தரவை ரத்துசெய், வகுப்பில் சேர் என்ற இரண்டையும் ஒரே மனுவில் கேட்பது. கூடவே இடைக்கால மனு. உண்மையில் எல்லாம் இந்த இடைக்கால மனுவில்தான் இருக்கிறது, ஏனென்றால் மூல மனு தீர்ப்பாகும்போது நீங்கள் படிப்பை முடித்திருக்கலாம். அதில் மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: உத்தரவை நிறுத்திவைத்தல், வகுப்பிலும் செய்முறைத் தேர்விலும் அனுமதித்தல், இடைநீக்க நாட்களை வருகைக் குறைவாகக் கணக்கிடக் கூடாது என்பது. முதலாவதை மட்டும் வாங்கிவிட்டு மூன்றாவதை மறந்தவர்களுக்கு நுழைவுச் சீட்டு வராமல் போகும். தேர்வெழுத அனுமதித்தாலும் முடிவை வெளியிடாமல் நிறுத்திவைக்கச் சொல்வது உண்டு. மூல மனு தோற்றால் எழுதிய தேர்வும் போகும் என்பதைத் தெரிந்தே எழுத வேண்டும்.

வக்கீலிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை:

- சேர்க்கை ஆணை, அடையாள அட்டை நகல், கட்டண ரசீதுகள்
- நோட்டீஸ், உங்கள் பதில், அனுப்பிய ரசீது, இறுதி உத்தரவு
- கல்லூரி விதிப் புத்தகம் அல்லது அதன் இணையப் பக்க அச்சு
- தேர்வு அட்டவணையும் இன்றைய வருகைச் சதவீதமும்
- நாள்வாரியாக ஒரே பக்கத்தில் நடந்தவற்றின் பட்டியல்

அந்தக் கடைசிப் பக்கத்தை நீங்களே எழுதுங்கள். பிரமாணப் பத்திரம் அதிலிருந்துதான் பிறக்கும். சாதகமில்லாத விஷயத்தையும் அதில் வையுங்கள். மறைத்தது எதிர்த்தரப்பு வாயிலிருந்து வந்தால் இடைக்கால நிவாரணம் அன்றே போய்விடும்.

தேர்வு நாளை மறுநாள் என்றால் வக்கீல் காலையில் நீதிபதியிடம் அவசரத்தைச் சொல்லி லஞ்ச் மோஷன் கேட்பார். அனுமதி கிடைத்தால் மதியமே விசாரணைக்கு வரும். அதற்கு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மனு நகல் முன்கூட்டிப் போயிருக்க வேண்டும். மே மாத விடுமுறையிலும் அவசர வழக்குகளுக்கு நீதிபதிகள் அமர்வார்கள். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டுத் தேர்வுக்கு முந்தின நாள் ஓடினால், "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்பதற்குப் பதில் இருக்காது. தனி நீதிபதி மறுத்தால் 30 நாளுக்குள் இரு நீதிபதி அமர்வில் ரிட் மேல்முறையீடு.

என்ன கிடைக்கும் என்பதையும் அளவோடு எதிர்பாருங்கள். வெற்றிகளில் பெரும்பாலானவை "விசாரணையை மறுபடியும் சரியாக நடத்து" என்ற வகை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் மீதான 2016 நடவடிக்கையை டெல்லி உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் திருப்பி அனுப்பியதும் அப்படித்தான். 2025 மார்ச்சில் டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழக மாணவர்களின் இடைநீக்கத்தை நிறுத்திவைத்த அதே நீதிமன்றம், மாணவர் பிரதிநிதிகளும் இருக்கும் குழுவை அமைத்துப் பேசித் தீர்க்கச் சொன்னது. பேச்சுக்குத் திரும்பும்போது இடைக்காலத் தடை கையில் இருப்பதே பெரிய பலம்.

செலவுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு; மற்றவர்களுக்கு வருமானச் சான்று வேண்டும். தொலைபேசி 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும், உயர் நீதிமன்றத்திலும் அலுவலகம் இருக்கிறது.

போலீஸ் வழக்கு சேர்ந்துவிட்டால்

வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, பெயர், முகவரி, அப்பா பெயர் எழுதிக்கொண்டு மாலையில் விடுவார்கள். சாப்பாடும் கிடைக்கும். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தப் பட்டியலை வைத்து எஃப்.ஐ.ஆர். போடப்பட்டிருக்கலாம். ஓரிரு நாளில் காவல்துறை இணையதளத்தில் தேடிப் பாருங்கள், நகலை எடுத்துவையுங்கள். ஏழாண்டு வரையிலான தண்டனைக் குற்றங்களுக்குக் கைது செய்யாமல், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் நோட்டீஸ் வரலாம். வந்தால் கட்டாயம் ஆஜராகுங்கள். ஆஜராகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகும். சொத்துச் சேதத் தடுப்புக்கான 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தையோ, அரசு ஊழியரைத் தாக்கிய பிரிவையோ சேர்த்திருந்தால் தாமதிக்காமல் அதே சன்ஹிதாவின் 482-ஆவது பிரிவில் முன்ஜாமீன் பார்க்க வேண்டும். 18 முடியாத முதலாண்டு மாணவர் என்றால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை உடனே காட்டுங்கள். அவர் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் வருவார்.

அமைதியான கூட்டங்களுக்கு வழக்கமாகப் போடும் பிரிவுகள் இரண்டு: சட்டவிரோதக் கூட்டம் (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 189), அரசு ஊழியரின் உத்தரவை மீறியது (223). பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 188-தான் இவை. 188-க்குப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப் புகார் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் தீர்ப்பளித்துப் பல வழக்குகளை ரத்துசெய்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே தடை 215-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆகவே அதன் 528-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட நல்ல அடிப்படை உண்டு. வேறு கனமான பிரிவுகள் கலந்திருந்தால் இந்த வாதம் அவ்வளவு எளிதாகச் செல்லாது.

போலீஸ் வழக்கு நடக்கும்போது கல்லூரி விசாரணையில் சொல்வதெல்லாம் அங்கே போகும். "வழக்கு நிலுவையில் இருப்பதால் என் தற்காப்புக்குப் பாதகமில்லாத அளவில் மட்டும் பதில் தருகிறேன்" என்று தொடங்குங்கள். சமூக ஊடகத்தில் குழு உறுப்பினர்களைக் கிண்டல் செய்யும் மீம்களையும் நிறுத்துங்கள். பதில் மனுவின் இணைப்பில் வண்ண அச்சில் வந்து நிற்பவை அவைதான்.

சமரசத்தில் வெளியேற நேர்ந்தால் டி.சி.யில் நடத்தைக் கட்டத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதைக் கையெழுத்திடும் முன் பாருங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு அதிகாரம் இல்லை. யுஜிசியின் 2018 அறிவிக்கையும் அதைத் தடுக்கிறது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கு விவரத்தை மறைக்கக் கூடாது. இளவயதில் முழக்கமிட்டது போன்ற சின்ன வழக்கைச் சொல்லாமல் விட்டதை வேலை தருபவர் மன்னிக்கலாம் என்று அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அது வேலை தருபவரின் விருப்பம். தமிழ்நாடு காவலர் தேர்வு விதிகள் இதைவிடக் கடினம்: சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதுவார்கள். சீருடைப் பணி நோக்கம் இருந்தால் விசாரணை முடிந்து விடுதலை வரட்டும் என்று காத்திருக்காமல் எஃப்.ஐ.ஆரையே ரத்துசெய்ய மனுப் போடுங்கள். உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நகல் போய்ச் சேராமல் நிலையப் பதிவேட்டில் வழக்கு "நிலுவை" என்றே கிடந்தால், ஐந்தாண்டு கழித்து வரும் கடவுச்சீட்டு விசாரணையில் அதுதான் எழும்.